நூறு பாகை

அண்ணையின் படகு கரைக்கு வராத இரண்டாம் நாள். காலை ஆறரை மணிக்கு என் கணினியில் ஒரு கணக்கை ஓடவிட்டுவிட்டு, குருநகர்க் கரையில் நின்ற ஆட்களிடம் போய்ச் சொன்னேன்: "எட்டரைக்கு முதல் விடை வரும். பத்தரைக்குள்ளை ரண்டும் வந்திடும்."

என் குரலில் அவ்வளவு உறுதி எங்கிருந்து வந்ததென்று இப்போதும் விளங்கவில்லை.

அண்ணையும் அவருடைய தொழிற்பங்காளியும் வியாழக்கிழமை பின்னேரம் போனவர்கள். பங்காளி கொழும்புத்துறைக்காரர், அண்ணையைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன். இருவரும் ஒன்றாகத் தொழில் செய்யத் தொடங்கி ஒன்பது வருடம். வெள்ளி விடிய வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊர்காவற்றுறைக்கு மேற்கே, வெளிக்கடலில் அவர்கள் வலை விட்டுக்கொண்டிருந்ததை இன்னொரு படகு இருட்டுவதற்கு முன் கண்டிருந்தது. வெள்ளி முழுவதும் ஐந்து படகுகள் அந்த இடத்தைச் சுற்றித் தேடின. கடற்படைக்கும் அறிவித்தாயிற்று, அவர்களும் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அறுந்த வலைத்துண்டுகூடக் கிடைக்கவில்லை. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்றுப் பலமாக அடிக்கிற காலம். என்ஜின் நின்றுபோயிருந்தால் படகு வடகிழக்கே இழுபடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு தூரம், எந்தக் கோணத்தில் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாதது.

அது கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டியவள் நான். பல்கலைக்கழகத்தில் என் பட்டமேற்படிப்பு ஆய்வு அதுதான். கடலில் அறுந்துபோகும் வலைகள் காற்றோடும் நீரோட்டத்தோடும் எங்கே போய்ச் சேர்கின்றன என்று கணக்கிடும் நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். கடைசியாகக் கண்ட இடத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகளைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு புள்ளியையும் நிமிடம் நிமிடமாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். கடைசியில் புள்ளிகள் எங்கே நெருக்கமாகக் கிடக்கின்றனவோ அங்கே தேடலாம். வெள்ளிக்கிழமை இரவு முழுவதும் காற்று, நீரோட்டத் தரவுகளை இறக்கி முடித்தேன். பல்கலைக்கழகம் விடுமுறைக்குப் பூட்டியிருந்தது. எனக்கிருந்தது என் அறையிலிருந்த மேசைக் கணினி மட்டுந்தான்.

கணக்கு இரண்டு விதமாகச் செய்ய வேண்டியிருந்தது. நிமிர்ந்து மிதக்கும் படகைக் காற்றுப் பிடித்துத் தள்ளும், அது தூரம் போகும். கவிழ்ந்த படகு தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடக்கும். காற்றுக்கு அகப்படாது, நீரோட்டம் கொண்டுபோகிற பக்கம் மெதுவாகப் போகும். இரண்டுக்கும் இடங்கள் வேறு.

கரையில் தேடுதலைப் பொறுப்பெடுத்திருந்தவர் சம்மாட்டி. நாலு படகுக்குச் சொந்தக்காரர், அண்ணை முதன்முதல் தொழிலுக்குப் போனது அவருடைய படகில்தான். நான் சொன்னதை அவர் சிரிக்காமல் கேட்டார்.

"காத்து எங்களுக்குத் தெரியும் தங்கச்சி. நீரோட்டத்தை உன்ரை பெட்டி சொல்லட்டும். ஆனா மூண்டு மணிக்குப் பிறகு வெளிக்கிட்டா அங்கை போய்ச் சேர இருட்டிப்போம். இருட்டிலை தலை தெரியாது."

"பத்தரைக்குள்ளை தாறன்" என்றேன்.

அதன் பிறகு நான் செய்தது, அம்மாவோடு கோயிலுக்குப் போனது. அம்மா மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்து எழும்பவே இல்லை. நான் அவவின் முதுகைத் தடவிக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். வீட்டில் கணினி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் என்ற நினைப்பு ஒன்றுதான் என்னை விழாமல் வைத்திருந்தது.

எட்டு நாற்பதுக்கு வீட்டுக்கு வந்தேன். முடிந்திருக்க வேண்டிய கணக்கு முப்பத்தெட்டு வீதத்தில் நின்றது.

முதலில் ஏதோ பிழையென்று நினைத்தேன். பிழையில்லை. மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். புரொசசரின் வெப்பநிலையைப் பார்த்தேன். நூறு பாகை. வேகத்தைப் பார்த்தேன். அதன் முழு வேகத்தில் கால்வாசிக்குச் சற்று மேலே.

புரொசசருக்கு ஒரு வேகம் எழுதியிருக்கும். அந்த வேகத்தில் ஓடுமென்று நம்பித்தான் வாங்குகிறோம். உண்மையில் அது எவ்வளவு வேகமாக ஓடலாம் என்பதைத் தீர்மானிப்பது சூடு. ஒவ்வொரு கணக்கும் கொஞ்சம் சூட்டை உண்டாக்கும். வேகத்தைக் கூட்டக் கூட்ட மின்னழுத்தமும் கூட வேண்டியிருப்பதால், வேகம் ஒரு பங்கு ஏறினால் சூடு அதைவிடப் பல மடங்கு ஏறும். அந்தச் சூடு, மேலே பூசியிருக்கும் பசை வழியாக உலோகத் தகடுகளுக்குப் போய், அங்கிருந்து விசிறிக் காற்றோடு வெளியேற வேண்டும். வெளியேற முடியாமல் நூறு பாகையைத் தொட்டால், கருகிப்போகாமல் இருக்கப் புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். யாரிடமும் கேட்காது. திரையில் ஒரு எச்சரிக்கையும் வராது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். மாணவர்களுக்குப் படிப்பித்தும் இருக்கிறேன். கணக்குக்கு இரண்டு மணித்தியாலம் என்று நான் சொன்னது, மார்கழிக் குளிரில், விடியற்காலையில் ஓடவிட்டுப் பார்த்த கணக்கு. இது ஆடி மாதம். என் அறைக்கு மேலே தகரச் சீற் கூரை, ஒன்பது மணிக்கே உள்ளே நின்றால் சட்டை முதுகில் ஒட்டும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். இரண்டு வருடமாகத் திறக்காத பெட்டி. உலோகத் தகடுகளின் இடைவெளியெல்லாம் சாம்பல்நிறத் தூசு, உப்புக்காற்றில் ஊறிக் கம்பளிபோலப் படிந்திருந்தது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. காற்றுப் போக வழியில்லை.

அண்ணையின் மனைவி வாசலில் வந்து நின்றா. அவ எனக்கு மச்சாள், என்னைவிட நாலு வயதுதான் கூட.

"வந்திட்டுதோ?"

"இல்லை மச்சாள். கொஞ்சம் சுணங்குது."

"எவ்வளவு?"

நான் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியே விட்டால் முதல் கணக்கு முடிய இன்னும் மூன்றரை மணித்தியாலம். இரண்டாவது முடிய இரவாகிவிடும். நிறுத்திவிட்டுத் துப்புரவாக்கினால் ஒரு மணித்தியாலம் போகும், ஆனால் பிறகு வேகமாக ஓடும். நிறுத்தினால் செய்ததெல்லாம் வீண். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியை நான் நிரலில் எழுதியிருக்கவில்லை. வலைகளைப் பற்றிய ஆய்வுக்கு யாருக்கு என்ன அவசரம்?

மேசை விசிறியைத் திறந்த பெட்டிக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். வேகம் கொஞ்சம் ஏறிவிட்டுப் பழையபடி விழுந்தது. பத்து நிமிடம் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பத்து நிமிடமும் வீண். பிறகு நிறுத்தினேன். நாற்பத்திரண்டு வீதம் ஒரு விசையைத் தட்டியதோடு போயிற்று. வாய்க்குள் உப்புக் கரித்தது. அழுகிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

தூசை மச்சாளும் நானும் பல்துலக்கும் தூரிகையால் சுரண்டியெடுத்தோம். உலோகத் தகட்டுப் பகுதியைக் கழற்றியபோது, புரொசசருக்கு மேலிருந்த பசை காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. பசை இல்லாமல் பூட்டினால் ஐந்து நிமிடத்தில் நூறு பாகை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்கு ஓடினேன். கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்று அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் மேசை லாச்சியை இழுத்துத் தேடி, ஊசிக்குழாய் ஒன்றில் அடைத்த பசையை எடுத்துத் தந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, ஆருக்கும் சுகமில்லையோ?" என்று கேட்டார். "ஓம்" என்றுவிட்டு வந்தேன்.

பத்தரைக்கு எல்லாம் பூட்டித் தயார். அந்த நேரத்துக்கு இரண்டு விடையும் தருவதாகச் சொல்லியிருந்தேன். அப்போதுதான் முதலாவதைத் தொடங்கப்போகிறேன்.

இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் சூடு தாங்காது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் விட வேண்டும். எதை முதலில் விடுவது?

மச்சாள் என் பின்னால் நின்று திரையை வாசித்தா. இரண்டு கோப்புகளுக்கும் நான் தமிழில்தான் பெயர் வைத்திருந்தேன். நிமிர்ந்தது. கவிழ்ந்தது.

"ஏன் கவிண்ட மாதிரிப் பாக்கிறாய்?" அவவின் குரல் ஒடுங்கிப்போயிருந்தது. "கவிண்டிருந்தா... ரண்டு நாள்... நீ ஏன் உப்பிடி நினைக்கிறாய்?"

"நினைக்கேல்லை மச்சாள். ரண்டையும் பாக்கத்தான் வேணும்."

"முதல்லை மற்றதைப் பார்."

நிமிர்ந்ததை முதலில் விட்டேன். மச்சாள் சொன்னதற்காக என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ சொல்லாமல் இருந்தாலும் அதைத்தான் விட்டிருப்பேன். வியாழன் இரவு சோழகம் எவ்வளவு உரத்து அடித்ததென்ற தரவு என் கையில் இருந்தது. என்ஜின் நின்ற படகு அந்த அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பினால் என்னவாகும் என்று தெரியாதவளும் நானில்லை. தெரிந்ததை நம்ப மனம் வரவில்லை.

முதல் அரை மணித்தியாலம் நன்றாக ஓடியது. பிறகு வெயில் உச்சிக்கு வரவர வேகம் கீழே இறங்கத் தொடங்கியது. பெட்டிக்குள் தூசு இல்லை, பசை புதிது, ஆனால் அறைக்காற்றே கொதித்தது. உள்ளேயிருக்கும் சூட்டை வெளிக்காற்றிடம் கொடுக்க வேண்டும். வெளிக்காற்று ஏற்கெனவே சூடாக இருந்தால் அது எவ்வளவைத்தான் வாங்கும்? கூரைச் சீற்றுக்கு மேல் மச்சாள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினா. ஊற்றிய தண்ணீர் ஆவியாகி அறைக்குள் புழுக்கம் இன்னும் கூடியது.

பன்னிரண்டு மணியளவில் பங்காளியின் மனைவி வந்தா. கொழும்புத்துறையிலிருந்து மூத்த மகளோடு ஓட்டோவில் வந்தவ. மகளை என் அம்மாவோடு விட்டுவிட்டு, என் அறை வாசலில் நிலத்தில் இருந்தா. கையில் செபமாலை. செபம் சொன்னாவோ தெரியாது, உதடு அசையவில்லை. ஒரேயொரு தடவை கேட்டா.

"எப்ப முடியும் பிள்ளை?"

"கெதியா முடிஞ்சிடும் அக்கா."

பன்னிரண்டு ஐம்பதுக்கு முதல் விடை வந்தது. காங்கேசன்துறைக்கு வடகிழக்கே, நீளமாக ஒரு பட்டை. நான் இடங்களை எழுதிக் கொடுக்க, காத்துக்கொண்டு நின்ற இரண்டு படகுகள் உடனே வெளிக்கிட்டன. சம்மாட்டி போகவில்லை. மூன்றாவது படகைக் கரையில் நிற்பாட்டிவிட்டு நேரே என் அறைக்கு வந்தார்.

"ரண்டாவது எப்ப?"

"தொடங்கீட்டன் சம்மாட்டியார். அறை சூடு. சூட்டிலை இது ஓடாது."

"குளிரா இருந்தா ஓடுமோ?"

"ஓடும்."

அவர் திரும்பி நடந்தார். கால் மணித்தியாலத்தில், மீன் அடைக்கும், நுரைபோல வெள்ளையான ரெஜிபோம் பெட்டிகள் இரண்டு நிறைய ஐஸ் உடைத்துக்கொண்டு வந்து இறக்கினார். மீன் வாடை அறையை நிறைத்தது. பெரிய கட்டியொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "எதுக்கு மேலை வைக்கிறது?" என்று கணினியை நோக்கிக் குனிந்தவரை நான் கத்தித் தடுத்தேன். ஒரு துளி தண்ணீர் உள்ளே விழுந்தால் எல்லாம் முடிந்தது.

"மேலை வைக்கேலாது சம்மாட்டியார்! காத்துத்தான் குளிரவேணும்!"

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. ஐஸ் பெட்டியொன்றின் இரண்டு பக்கமும் கத்தியால் வட்டமாக வெட்டி, ஒரு பக்கத் துளையில் மேசை விசிறியை வைத்தார். மற்றப் பக்கத்தால் வந்த காற்று கணினியின் திறந்த பக்கத்துக்குப் போனது. அதில் கைவைத்துப் பார்த்தேன். மார்கழி மாதக் காற்று.

நூறு. தொண்ணூற்றாறு. தொண்ணூறு. எண்பத்துநாலு. வெப்பநிலை இறங்க இறங்க வேகம் ஏறியது. அந்தக் கணினியை வாங்கிய நாளிலிருந்து நான் காணாத வேகத்துக்கு ஏறி, அங்கேயே நின்றது. சம்மாட்டி உருகின தண்ணீரை வாளியில் பிடித்துப் பிடித்து வெளியே ஊற்றினார், மச்சாள் மற்றப் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளிப் போட்டா. கறண்ட் நிற்கக் கூடாதென்று நான் மனதுக்குள் மாதாவைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பங்காளியின் மனைவி எழும்பி வந்து, வெறுங்கையால் ஐஸ் அள்ளத் தொடங்கினா. விரல்கள் சிவந்து விறைத்தன.

இரண்டு நாற்பதுக்கு இரண்டாவது விடை வந்தது. காரைநகருக்கு வடக்கே, சிறிய வட்டமாக, அடர்த்தியாகப் புள்ளிகள். முதல் இரண்டு படகுகளும் போன இடத்திலிருந்து வெகுதூரம். அவர்களுடைய தொலைபேசிகள் எடுபடவில்லை. கடற்படைக்கு இடத்தை அறிவித்தோம். சம்மாட்டி அவர்களுடைய பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நான் கண்டதில்லை.

மூன்று மணித்தியால ஓட்டம். ஆறு மணியளவில், நான் குறித்துக் கொடுத்த வட்டத்தின் விளிம்பில், கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தைக் கண்டார். அதில் அண்ணை படுத்திருந்தார். கையில் கயிறு சுற்றிக் கட்டியிருந்தது.

ஒருவர்தான் இருந்தார்.

வெள்ளி விடியப்புறம் படகு கவிழ்ந்திருக்கிறது. இருவரும் ஏறிப் பிடித்துக்கொண்டு ஓரிரவும் இரண்டு பகலும் கிடந்திருக்கிறார்கள். பங்காளிதான் அண்ணையின் கையில் கயிற்றைச் சுற்றிக் கட்டியவராம். இரண்டாம் நாள் பின்னேரம் வெயில் சாயத் தொடங்கியபோது, "எனக்குக் கை விறைச்சுப்போச்சுதடா" என்றிருக்கிறார். பிறகு ஓர் அலை. அண்ணை கயிற்றை அவிழ்க்கப் பார்த்திருக்கிறார், விரல்கள் அசையவில்லை. சம்மாட்டி படகில் தூக்கிப் போட்டபோது அண்ணை சொன்ன முதல் சொல் பங்காளியின் பெயர். அடுத்தது, "இப்பத்தான்... ஒரு மணித்தியாலம்கூட இராது."

இருட்டும்வரை அங்கேயே சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் பங்காளியின் உடல் வடக்குக் கரையில் ஒதுங்கியது.

அண்ணை ஆசுப்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். தோல் வெந்து உரிந்தது, இரவுகளில் கையை இறுக்கிப் பொத்திக்கொண்டு படுத்தார். ஊர் என்னைப் புகழ்ந்தது. தெருவில் கண்டவர்கள் என் கையைப் பிடித்தார்கள். கோயிலில் பங்குச் சுவாமி பிரசங்கத்தில் என் படிப்பைப் பற்றிச் சொன்னார். எனக்கு எழும்பி ஓட வேண்டும்போல் இருந்தது. மச்சாள் ஒரு நாள் என்னைக் கட்டிப்பிடித்து, "நீ இல்லாட்டி..." என்று தொடங்கினா. நான் கையை உதறிக்கொண்டு குசினிக்குள், அடுப்படிக்குப் போனேன். அவ அதை வேறுவிதமாக விளங்கிக்கொண்டு சில நாள் என்னோடு கதைக்கவில்லை.

என் தலைக்குள் ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாளே பெட்டியைத் திறந்து தூசு தட்டியிருந்தால், பத்தரைக்கு இரண்டு விடையும் வந்திருக்கும். படகு ஒன்றரைக்கு அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். கவிழ்ந்ததை முதலில் விட்டிருந்தால்கூட, ஒரு மணிக்கு வெளிக்கிட்டு நாலு மணிக்குப் போயிருக்கலாம். நாலு மணிக்குப் பங்காளி பிடித்துக்கொண்டுதான் இருந்தார். எந்தப் பக்கத்தால் கணக்கைப் போட்டாலும் அவர் உயிரோடுதான் வந்தார். கோயிலில் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த அந்த இரண்டு மணித்தியாலமும், என் அறையில் புரொசசர் நூறு பாகையில் மூச்சுத் திணறிக்கொண்டு கிடந்தது. எனக்குத் தெரியாது. பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து மூன்று நாள் கழித்து கொழும்புத்துறைக்குப் போனேன். பங்காளியின் மனைவி வெளியே வலைத்துண்டுகளைச் சுருட்டி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தா. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். தேத்தண்ணி ஊற்ற எழும்பியவவை இருக்கச் சொன்னேன். பிறகு, ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தூசு, காய்ந்துபோன பசை, கோயிலில் இருந்த நேரம், நிறுத்தவோ விடவோ என்று யோசித்த பத்து நிமிடம், எதை முதலில் விட்டேன் என்பது, ஏன் விட்டேன் என்பது. சூட்டுக்கும் வேகத்துக்கும் என்ன தொடர்பென்றுகூட விளங்கப்படுத்தினேன். விளங்கப்படுத்தும்போதே என் குரல் வகுப்பில் படிப்பிக்கும் குரலாக மாறிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. நிற்பாட்டத் தெரியவில்லை.

அவ கேட்டுக்கொண்டிருந்தா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப... நாலு மணிக்குப் போயிருக்கலாம்?"

"ஓம் அக்கா."

"நாலு மணிக்கு நான் உங்கடை வீட்டு வாசல்லைதான் இருந்தனான்."

"ஓம்."

வலைத்துண்டொன்றை மடியில் எடுத்து வைத்துச் சுருட்டினா. என்னைத் திட்டுவா என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லதென்றுகூட இருந்தது. "உன்னிலை பிழையில்லை" என்று சொல்லிவிடுவாவோ என்ற பயமும் இருந்தது. அவ இரண்டையும் செய்யவில்லை.

"உதை ஏன் எனக்குச் சொன்னனீ?" என்று கேட்டா. கோபமாக இல்லை, உண்மையாகவே தெரிய விரும்பியவ மாதிரி.

நான் வாயைத் திறக்கமுதல் அவவே தொடர்ந்தா.

"இவ்வளவு நாளும் கடல் கொண்டுபோட்டுதெண்டு நினைச்சுக்கொண்டு படுத்தன். இனி நான் என்னத்தை நினைச்சுக்கொண்டு படுக்கிறது?"

ஒழுங்கையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் சத்தம் கேட்கத் தொடங்கியது. அவ எழும்பி, சட்டையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டா.

"பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதை" என்றா. "அதுகள் உன்னைப் பெரிய ஆளெண்டு நினைச்சுக்கொண்டிருக்குதுகள். சின்னவள் உன்னைப் போலப் படிக்கப்போறாளாம்."

படலையைத் திறந்துகொண்டு மூவரும் வந்தார்கள். சின்னவள் என்னைக் கண்டதும் புத்தகப்பையோடு ஓடிவந்தாள்.